அஞ்சற்பெட்டகம் பருத்தலும் சுருக்கலும்

மின்னஞ்சற் சேவையகத்தில் அஞ்சல்கள் யாவும் தொகுத்து வைக்கப்படும் தரவுத்தளக் கோப்பானது நாளடைவிற் பருத்து, வன்தட்டின் இடம் முழுவதையும் விழுங்கிவிடுதல் அலுவலகங்களிற் பலரும் கண்டதொன்று. அதனைச் சுருக்கும் வழி யாதென வினவின், "பழைய அஞ்சல்களை அழித்துவிடுக" என்பதே பெரும்பான்மையோர் கூறும் விடையாகும். அவ்விடை முற்றும் பிழையன்று, ஆயினும் அரைகுறையானது. ஆயிரம் அஞ்சல்களை அழித்த பின்னரும் கோப்பின் அளவு சிறிதும் குறையாதிருத்தலைக் கண்டு மயங்கினோர் உளர். அம்மயக்கத்தைத் தீர்ப்பதும், அழிக்கத் தொடங்குமுன் நம்மனோர் எண்ணிப் பார்க்கவேண்டியவை இவையெனக் காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியர்க்கு இத்துறையில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். அஞ்சல் எழுத்தால் ஆயது. எழுத்துள்ள இடத்தில் எமக்கும் ஓர் இருக்கை உண்டு. அன்றியும், மலையகப் பாடசாலைகளிற் கணினியறைச் சாவி எவர் கையிற் கொடுக்கப்படுகின்றதோ அவரே கணினி வல்லுநர் என்பது எழுதப்படாத விதி.

முதலிற் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். ஒருவர்க்கு உரிய அஞ்சற் கொள்ளிடத்தை அஞ்சற்பெட்டி என்றும், பல அஞ்சற்பெட்டிகளை உள்ளடக்கிய பெருங்கோப்பை அஞ்சற்பெட்டகம் என்றும் இங்கு வழங்குவோம். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1996ஆம் ஆண்டு முதலாக வெளியிட்டுவரும் எக்ஸ்சேஞ் என்னும் சேவையக மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெட்டகம் பருக்கும் நோய் அதிலேதான் தெளிவாகப் புலப்படும். 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதன் பெட்டகம் ஒரே கோப்பாக அமைந்தது. அக்கோப்பு சம அளவான பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு பக்கம் 8 கிலோபைற்று; 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அதன் பின்னரும் 32 கிலோபைற்று. அஞ்சலொன்று வந்தால் அது வெறும் பக்கங்களில் எழுதப்படும். வெறும் பக்கம் இல்லையாயின் கோப்பு நீண்டு புதிய பக்கங்கள் தோன்றும்.

இதற்கு நம் தோட்டத்து லயத்தினும் பொருத்தமான உவமை வேறில்லை. பத்துக் காம்பராக்கள் கொண்ட லயம் ஒன்றை எண்ணுக. ஒரு குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்து சென்றால் அதன் காம்பரா வெறுமையாகும். லயத்தின் நீளமோ ஓரடியும் குறையாது. பின்னர் வரும் குடும்பம் அவ்வெறுங் காம்பராவிற் குடியேறும். நான்கு காம்பராக்கள் பூட்டிக் கிடப்பினும் கூரைத் தகரமும் சுவரும் பத்துக் காம்பராவுக்கும் உரியனவாகவே நிற்கும். லயத்தைக் குறுக்க விரும்பின் வழிகள் இரண்டே. எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, லயத்தை இடித்து, இருப்போர் தொகைக்கு ஏற்ப மீளக் கட்டலாம். அன்றேல், வேறோரிடத்திற் புதிய குடியிருப்பை அமைத்து, குடும்பங்களை ஒவ்வொன்றாக அங்கே ஏற்றி, இறுதியிற் பழைய லயத்தை அகற்றலாம். பெட்டகத்தைச் சுருக்கும் வழிகளும் இவ்விரண்டே.

காம்பரா வெறுமையாகும் செயலும் உடனே நிகழ்வதன்று. அஞ்சலொன்றை அழித்தால் அது முதலில் அழித்தவை என்னும் கோப்புறையிற் கிடக்கும். அக்கோப்புறையை வெறுமையாக்கிய பின்னரும், தவறி அழித்தோர் மீட்டெடுக்கும் பொருட்டு, மறைவான ஓரிடத்தில் இயல்பாக 14 நாள்கள் வைக்கப்பட்டிருக்கும். ஒருவருடைய அஞ்சற்பெட்டியையே நீக்கினால் அப்பெட்டி 30 நாள்கள் காத்திருக்கும். இத்தவணைகள் கழிந்த பின்னர்ச் சேவையகம் தானாகச் செய்யும் துப்புரவு வேலையினாற் பக்கங்கள் விடுபடும். எனவே, இன்று அழித்துவிட்டு நாளை அளந்து பார்ப்பவர் ஏமாறுவது இயல்பே. இத்தவணைகளைச் சுழியமாக்கி உடனே இடம் பெறலாமே எனச் சிலர் கூறுவர். அவ்வறிவுரையை நாம் ஏற்கோம். தவறி அழித்தலும், அழித்ததைத் தேடி ஓடி வருதலும் எந்த அலுவலகத்திலும் வாரந்தோறும் நிகழ்வன.

ஆதலின், சுருக்கத் தொடங்குமுன் பெட்டகத்தினுள் வெறுமை எவ்வளவு என அளந்தறிதல் வேண்டும். 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் நள்ளிரவுத் துப்புரவு முடிந்ததும் நிகழ்வுக் குறிப்பேட்டில் 1221 என்னும் எண்ணுடன் வெறுமையின் அளவு எழுதப்படும். 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக, ஏவலொன்றினால் பெட்டகத்தின் முழு அளவையும் புதிய அஞ்சலுக்குக் கிடைக்கக்கூடிய இடத்தையும் ஒருங்கே கேட்டறியலாம். 100 கிகாபைற்றுப் பெட்டகத்தில் 5 கிகாபைற்று மாத்திரமே வெறுமையாயின் அதனைச் சுருக்க முனைவது வீண். அவ்வெறுமை ஒரு தவணைக்குள் புதிய அஞ்சல்களால் நிரம்பிவிடும். 40 கிகாபைற்று வெறுமையாயின், அதுவும் இனி அவ்வளவு அஞ்சல் வாராதென்று தெரியின், முயற்சிக்குப் பயனுண்டு.

முதல் வழி, இடித்துக் கட்டுவது. ஈஎஸ்ஈ-யூட்டில் என்னும் கருவியை 'டி' என்னும் குறியுடன் ஏவினால், அது பெட்டகத்தை முதற் பக்கத்திலிருந்து படித்து, பொருளுள்ள பக்கங்களை மாத்திரம் புதிய கோப்பொன்றிற் செறிவாக எழுதி, முடிவிற் பழையதன் இடத்திற் புதியதை வைக்கும். இதற்கு மூன்று விலைகள் உண்டு. வேலை முடியுந்துணையும் பெட்டகம் இறக்கிவைக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒருவரும் அஞ்சல் பார்த்தல் இயலாது. சுருங்கிய கோப்பு எவ்வளவு வருமோ அதன் நூற்றுக்கு நூற்றுப்பத்து மடங்கு இடம் வேறாகத் தேவை. நாம் சொன்ன எடுத்துக்காட்டில் உள்ளடக்கம் 60 கிகாபைற்று. ஆகவே 66 கிகாபைற்று இடம் வேண்டும். வன்தட்டு நிரம்பிவிட்டது என்பதற்காகவே சுருக்க வந்தவர்க்கு அவ்விடம் எங்கிருந்து வரும் என்பது நல்ல வினா. வேறொரு வன்தட்டைக் கடன் வாங்கி அங்கே தற்காலிகக் கோப்பை எழுதச் செய்யலாம். வலையமைப்பு வழியே எழுதச் செய்தால் நேரம் பன்மடங்காகும். மூன்றாவதாக, சுருங்கிய பெட்டகம் புதிய பெட்டகமாகவே கருதப்படும். பழைய காப்புப்படியோடு அதற்குப் பின் எழுந்த குறிப்பேடுகளை இணைத்து அதனை மீட்டல் இயலாது. ஆதலால் வேலை முடிந்தவுடன் முழுமையான காப்புப்படி எடுத்தல் கட்டாயம். முன்னர் ஒன்று, பின்னர் ஒன்று, ஆக இரண்டு காப்புப்படிகள்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. அதே கருவிக்குப் 'பி' என்னும் வேறொரு குறியும் உண்டு. அது பழுதுற்ற பெட்டகத்தைச் செப்பனிடுவது. செப்பனிடுங்கால் தனக்கு விளங்காத பக்கங்களை எறிந்துவிடும். வேறு வழியொன்றும் இல்லாதவிடத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சை அது. ஓரெழுத்தைப் பிழைபட எழுதினாற் பொருள் கெடும் என மாணவர்க்கு நாம் நாள்தோறும் கூறிவருவதற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு இலக்கணத்தில் இல்லை.

நம் மாவட்டத்திற்கேயுரிய இடரொன்றும் உண்டு. தென்மேற்குப் பருவ மழையிற் கம்பிகளின்மேல் மரம் சாய்ந்து மின்சாரம் தடைப்படுதல் ஹற்றன், தலவாக்கலைப் பக்கங்களிற் புதிதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்ததையும் மறந்தோமல்லோம். பல மணி நேரம் ஓடவேண்டிய வேலையை மின்கலத் துணையின்றி ஆனி ஆடியில் தொடங்குதல் அறிவுடைமையன்று.

இரண்டாவது வழி, குடியேற்றுதல். புதிய பெட்டகம் ஒன்றை அமைத்து, அஞ்சற்பெட்டிகளை அதற்கு இடமாற்றும் ஏவலைக் கொடுக்க வேண்டும். 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, பெட்டி பெயர்ந்துகொண்டிருக்கும்போதே அதற்குரியவர் அஞ்சல் பார்க்கலாம், எழுதலாம். இறுதியிற் சில கணங்களே இடையீடு நேரும். உள்ள அஞ்சல்கள் மாத்திரமே பெயர்வதால் புதிய பெட்டகம் செறிவாக அமையும். வெறுமை பழையதிலேயே தங்கும். மைக்ரோசொப்ட் நிறுவனமும் இவ்வழியையே விரும்பிக் கூறுகின்றது. எமது தெரிவும் இதுவே. இரண்டு இடங்களிற் கவனம் வேண்டும். பெயரும் அஞ்சல்கள் அனைத்தும் நடவடிக்கைக் குறிப்பேடுகளிலும் பதியப்படுவதால் 60 கிகாபைற்று அஞ்சல் பெயருங்கால் ஏறத்தாழ அவ்வளவு குறிப்பேடு குவியும். குறிப்பேடு உள்ள வன்தட்டு நிரம்பினாற் பெட்டகம் தானாக இறங்கிவிடும். எனவே பெட்டிகளைச் சிறு சிறு தொகுதிகளாக ஏற்றி, இடையிடையே காப்புப்படி எடுக்க வேண்டும். மற்றையது, பழைய பெட்டகத்தை நீக்குமுன் சேவையகம் தன் உள்வேலைக்கு வைத்திருக்கும் பெட்டிகளும் பெயர்ந்துவிட்டனவா எனப் பார்த்தல். கங்காணி வீட்டுப் பொருள் ஏற்றப்படாமல் லயத்தை இடித்த கதையாக முடிதல் கூடாது.

குறிப்பேடு என்றோமே, அதனையும் ஒரு சொல்லில் விளக்குவோம். பெட்டகத்திற் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் 1 மெகாபைற்று அளவான குறிப்பேட்டுக் கோப்புகளில் எழுதப்பட்டு, அதன் பின்னரே பெட்டகத்தை அடையும். முறையான காப்புப்படி எடுத்தவுடன் பழைய குறிப்பேடுகளைச் சேவையகமே அகற்றிவிடும். வன்தட்டு நிரம்பிவிட்டதெனக் கலங்கிப் பெட்டகத்தைச் சுருக்க முற்படுவோர் முதலிற் பார்க்கவேண்டியது இதனையே. மாதக்கணக்காகக் காப்புப்படி எடுக்கப்படாமையாற் குறிப்பேடுகள் குவிந்து கிடந்து, பழி பெட்டகத்தின் தலையில் விழுதல் உண்டு. அக்கோப்புகளைக் கையால் அழித்தல் ஒருபொழுதும் தகாது.

இனி, பெட்டகம் பருப்பதற்கு உண்மைக் காரணம் யாது என ஆராய்வோம். தமிழெழுத்துப் பற்றிய ஒரு கணக்கு இதற்கு உதவும். யூனிக்கோட் முறையிலே 'தேயிலை' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ மூன்று மெய்யுருவும் மூன்று உயிர்க்குறியுமாக ஆறு குறிகள். யூ.டி.எவ்.-8 என்னும் வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைற்று. ஆகவே சொல் முழுவதும் 18 பைற்று. அஞ்சலாகச் செல்லும் வழியில் அது பேஸ்-64 என்னும் முறையில் மாற்றப்பட்டால் 24 பைற்றாகும். கோற்றட்-பிரின்ரபிள் என்னும் முறையில் மாற்றப்பட்டால் 54 பைற்றாகும். ஆங்கிலத்தில் அப்பொருளைத் தரும் சொல் மூன்றே பைற்று. தமிழ் இவ்வாறு பெருத்த மொழியாயிற்றே என வருந்தவேண்டா. ஈராயிரம் சொற்கள் கொண்ட தமிழ்க் கட்டுரையொன்று ஏறத்தாழ 50 அல்லது 60 கிலோபைற்றில் அடங்கிவிடும். கைத்தொலைபேசியில் எடுத்த நிழற்படம் ஒன்றோ 4 மெகாபைற்று. அத்தகைய கட்டுரைகள் எழுபது கொள்ளும் இடத்தைப் பிள்ளையார் படம் பொறித்த ஒரு பொங்கல் வாழ்த்து நிரப்பிவிடும்.

அது மாத்திரமோ? 2010ஆம் ஆண்டுக்கு முந்திய பதிப்புகளில், ஒரே பெட்டகத்திலுள்ள இருநூறு பேருக்கு ஒரு படத்தை அனுப்பினால் அது ஒருமுறையே எழுதப்பட்டு, இருநூறு பேரும் அதனைச் சுட்டி நின்றனர். 2010இல் அம்முறை கைவிடப்பட்டது. வேகத்திற்காக இடத்தைக் கொடுத்தனர். ஆகவே 4 மெகாபைற்று வாழ்த்து இருநூறு பேருக்குச் சென்றால் 800 மெகாபைற்று போயிற்று. பெட்டகத்தைப் பருக்கச் செய்வன இவையே. கடிதங்கள் அல்ல.

இவ்வேறுபாட்டை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இடநெருக்கடி வந்தவுடன் அலுவலகங்கள் பிறப்பிக்கும் முதற் கட்டளை "மூன்றாண்டுக்கு முந்தியவற்றை அழித்துவிடுக" என்பதாகும். ஆண்டைக் கொண்டு அழிப்பது எளிது. பாரத்தைக் கொண்டு அழிப்பதற்குச் சற்று உழைப்பு வேண்டும். ஆயின் பழையது யாவும் பயனற்றது என்னும் கருத்து நம்மனோர்க்கு ஒவ்வாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தந்தையும் பாட்டனும் இங்குப் பிறந்தமைக்குச் சான்று எங்கே எனக் கேட்கப்பட்டது. பிறப்புப் பதிவு இல்லாதோர் வாய்மொழியன்றி வேறொன்றும் காட்டல் இயலாது நின்றனர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் பிறர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை மெய்ப்பிக்கச் சொல்லிற்று. செக்ரோலும் தோட்டத்துப் பேரேடும் அப்போது உயிர்ப்பொருளாயின. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையில் 975,000 மக்கள் எண்களாகப் பங்கிடப்பட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர்த் தீர்மானிக்க. எஞ்சினோரை 1974இற் செம்பாதியாகப் பிரித்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடற்றோர் என்னும் பெயர் முற்றும் நீங்கவில்லை. ஒரு தாள் இருந்ததா, இல்லையா என்பதே ஒரு குடும்பம் தலைமன்னாரிற் கப்பலேறியதற்கும் ஏறாமைக்கும் காரணமாயிருந்த காலம் ஒன்று இருந்தது.

இன்றும் நிலை முற்றும் மாறிவிடவில்லை. நீலகிரியில் குடியேறிய குடும்பங்களிலிருந்தும், கொழும்பிலிருந்தும், கடல் கடந்த நாடுகளிலிருந்தும் பாடசாலை விடுகைப் பத்திரம் கேட்டும், தந்தையார் இன்ன ஆண்டில் இங்குப் பயின்றார் என்பதற்குச் சான்று கேட்டும் கடிதம் எழுதுவோர் உளர். அக்கடிதமும் அதற்கு அதிபர் எழுதிய மறுமொழியும் சேர்ந்து 30 கிலோபைற்று இராது. லயங்களில் வாழ்வோர்க்குத் தனி முகவரி இல்லாமையாற் கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்திற்கே சென்று, தப்பால்காரர் கையிலகப்பட்டுக் காலந்தாழ்ந்தும் தவறியும் வருவதை அறியாதார் நம்மில் எவர்? நேர்முகத் தேர்வு முடிந்த பின் அழைப்புக் கடிதம் பெற்றோர் இவ்விதழைப் படிப்போரிலும் இருத்தல் கூடும். பெயருக்கென ஒரு முகவரியை நம் பிள்ளைகளுக்கு முதன்முதலாகத் தந்தது மின்னஞ்சலே. அப்பெட்டியில் உள்ளதை அழிப்பவர் தாம் அழிப்பது யாதென அறிந்து அழித்தல் வேண்டும்.

சட்டமும் இப்பக்கமே நிற்கின்றது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்வடிவான ஆவணத்திற்குச் சட்ட மதிப்பு அளித்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பகிரங்க அதிகாரசபைகள் புதிய பதிவேடுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாது பேணவேண்டுமென விதித்தது. எனவே அரசினர் பாடசாலையின் அலுவலக அஞ்சலை மூன்றாண்டில் அழிக்கக் கட்டளையிடுவோர் முதலில் அச்சட்டத்தை எடுத்துப் படிப்பாராக.

பெட்டகத்தைப் பேணாமையின் விளைவை நாடே கண்டது. 2023ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 26ஆம் நாள் லங்கா அரசாங்க முகில் என்னும் அரசுக் கணினித் தொகுதி, கோப்புகளைப் பூட்டிப் பணங்கேட்கும் நச்சுநிரலாற் தாக்குண்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் அதனாற் பாதிக்கப்பட்டன. அங்கு ஓடியது எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரிலிலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்கும் திட்டம் 2021 முதற் பேசப்பட்டும் பணமின்மையால் தள்ளிப் போயிற்று. சேவையை விரைவில் மீட்டனர். ஆயினும் மே 17 முதல் ஆகத்து 26 வரையான நூறு நாள் அஞ்சலுக்கு வேறிடத்துக் காப்புப்படி இருக்கவில்லை, அவை போயின. இரண்டு காப்புப்படிகள் வேண்டுமென மேலே கூறியதைச் சிலர் மிகையென எண்ணியிருப்பர். அவர்க்கு இந்நிகழ்ச்சியே விடை. 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டதென்பதை அலுவலகங்களிற் பணிபுரியும் பழைய மாணவர் குறித்துக்கொள்க.

எல்லாச் சேவையகங்களும் இவ்வாறே என்று எண்ணவேண்டா. டவ்கொட் என்னும் திறந்த மூல மென்பொருள் மெயில்டிர் என்னும் முறையில் அஞ்சலைக் காக்குங்கால் ஒவ்வோர் அஞ்சலும் தனிக் கோப்பு. அழித்தவுடன் அவ்விடம் விடுபடும். தனித்தனிக் குடில்கள் போன்றது அது. எம்பொக்ஸ் என்னும் பழைய முறையிலோ கோப்புறை முழுவதும் ஒரே கோப்பு; நடுவில் ஒன்றை நீக்கினால் எஞ்சியதைத் திரும்ப எழுதவேண்டும்.

செய்முறையிற் கொள்ளவேண்டிய ஒழுங்கு இதுவாம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவோர் கத்தியை எடுத்தவுடன் வெட்டுவதில்லை. செடியின் வயதையும் கிளையையும் நோக்குவர். அதுபோல முதலிற் பெட்டிகளை அளவு வரிசைப்படுத்திப் பெரியன பத்தை மாத்திரம் எடுக்க. அவற்றுள் 5 மெகாபைற்றுக்கு மேற்பட்ட இணைப்புள்ள அஞ்சல்களைத் தேடுக. விளையாட்டுப் போட்டிப் படம், பரிசளிப்பு விழாக் காணொளி ஆகியன வேண்டியனவாயின் தனி வன்தட்டில் ஆண்டு குறித்து இட்டுவிட்டு அஞ்சலிலிருந்து நீக்குக. வாழ்த்துகளைத் தயங்காது அழிக்க. கடிதங்களைத் தொடவேண்டா. பின்னர் முப்பது நாள் பொறுத்து, வெறுமையை அளந்து, போதுமாயின் விடுமுறையில் இடமாற்றத்தைத் தொடங்குக. எமது அனுபவத்தில், பெரிய பெட்டிகள் சிலவற்றைத் திருத்தினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். பெட்டகத்தைத் தொடவேண்டிய தேவையே எழாமற் போவதும் உண்டு.

சொந்தச் சேவையகம் இல்லாத பழைய மாணவர்க்கும் ஒரு குறிப்பு. கூகிள் நிறுவனத்தின் இலவச அஞ்சற்பெட்டி 2004இல் 1 கிகாபைற்றுடன் தொடங்கியது; இன்று அஞ்சல், கோப்பு, படம் மூன்றுக்கும் பொதுவாக 15 கிகாபைற்று அளிக்கப்படுகின்றது. ஈராண்டு தொடர்ந்து பயன்படுத்தாத தனியார் கணக்குகளை நீக்கும் நடைமுறை 2023 டிசம்பர் முதற் செயற்படுகின்றது. கல்லூரிக் காலத்திற் தொடங்கிப் பின்னர்க் கைவிட்ட கணக்கில் பழைய ஆசிரியரின் கடிதமோ, பெற்றோரின் பத்திரங்களின் படமோ கிடக்குமாயின், மறைச்சொல்லைத் தேடியெடுத்து, உள்ளே நுழைந்து, வேண்டியவற்றை இறக்கிக்கொள்க. இவ்வாண்டு விழாவிற்கு ஊர் திரும்புவோர், தம்மிடமுள்ள அத்தகைய கடிதங்களின் படிகளைக் கல்லூரி நூலகத்திற்கு வழங்கின், அவற்றை ஆண்டு வாரியாகத் தொகுத்து வைக்கும் பணியை நாம் ஏற்றுக்கொள்வோம். படங்களை மாத்திரம் சிறிது சுருக்கி அனுப்புக.